இருட்டில் அமர்ந்திருக்க முடியாதவர்கள்

நாடக வரலாறு என்று நம்மிடம் உள்ளவை பெரும்பாலும் மேடையின் வரலாறுகள்தாம். எந்த ஆசிரியர் எந்த நாடகத்தை எழுதினார், எந்தக் குழு எந்த ஊரில் கொட்டகை போட்டது, ஸ்திரீபார்ட்டில் பெயர் பெற்றவர் யார், யாருடைய குரல் கடைசி வரிசைவரை எட்டியது என்பனவற்றையெல்லாம் ஓரளவு சேகரித்து வைத்திருக்கிறோம். எதிரே அமர்ந்திருந்தவர்களைப் பற்றி நாம் எழுதியது குறைவு. அமர வந்து, அமர முடியாமல் எழுந்து போனவர்களைப் பற்றியோ, அழைத்து வரப்படாமலே வீட்டில் விடப்பட்டவர்களைப் பற்றியோ எழுதியது அதனினும் குறைவு.

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ உள்ள ஒரு சபாவை எண்ணிக்கொள்வோம். விளக்குகள் அணைகின்றன. ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் தன் தாயோடு ஆறாவது வரிசையில் இருக்கிறான். அவனுக்குக் கதை பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே கைகளை உதறுகிறான், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். முன்வரிசையில் நான்கு தலைகள் திரும்புகின்றன. யாரும் கடுமையாக எதுவும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. இரண்டாவது காட்சி முடிவதற்குள் தாய் அவனை வெளியே அழைத்துச் சென்றுவிடுகிறார். அடுத்த மாதம் அவர்கள் வருவதில்லை. அவர்கள் வராததை யாரும் கவனிப்பதும் இல்லை.

கற்றலிலும் புரிதலிலும் வேறு வகைத் தேவைகள் உடைய இத்தகையவர்களுக்கு நாடக அரங்கைத் திறந்துவிட, பார்ப்பவரை நாற்புறமும் சூழ்ந்துகொள்ளும் புதிய கருவிகள் உதவக்கூடும் என்று இப்போது உலகின் பல இடங்களில் பேசப்படுகிறது. ஆங்கிலத்தில் இம்மெர்சிவ் என்கிறார்கள். நாம் இங்கே ‘அமிழ்வு’ என்று சொல்லிக்கொள்வோம். மெய்நிகர்க் காட்சி, முந்நூற்றறுபது பாகைப் படப்பிடிப்பு, சூழொலி, அதிர்வைத் தோலில் உணர்த்தும் கருவிகள் எல்லாம் இதில் அடங்கும். இவை நமக்கு எந்த அளவு பயன்படும் என்ற கேள்வியை நம் ஊரின் நாடக வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

களரியும் திரையும்

தெருக்கூத்துக் களரியில் இருட்டும் இல்லை, கட்டாய மௌனமும் இல்லை. இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நடக்கும் கூத்தை யாரும் இமைகொட்டாமல் பார்ப்பதில்லை. குழந்தைகள் பாயில் உறங்குவார்கள். தாளம் வலுக்கும்போது விழிப்பார்கள். எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வரலாம். உரக்கச் சிரிக்கலாம், பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ‘விவரம் போதாத’ பிள்ளை களரியின் ஓரத்தில் நின்று ஆடினால் அதற்காகக் கூத்து நின்றுவிடாது.

இதைவிட முக்கியமானது கூத்தின் இலக்கணத்திலேயே உள்ள ஓர் ஏற்பாடு. முதன்மைப் பாத்திரம் எதுவும் சட்டென்று தோன்றி நம்மைத் திடுக்கிட வைப்பதில்லை. இருவர் ஒரு துணித்திரையைப் பிடித்துக்கொள்ள, வேடதாரி அதற்குப் பின்னால் நின்று பாடுகிறார். சலங்கை முதலில் கேட்கிறது. கிரீடம் திரைக்கு மேலே தெரிகிறது. தாம் யார் என்பதைப் பாட்டில் சொல்கிறார். கட்டியங்காரன் மறுபடி கேட்க, வசனத்தில் சொல்கிறார். பின்பாட்டுக்காரர்கள் அதையே திரும்பப் பாடுகிறார்கள். திரை விலகும்போது வருபவர் துரியோதனன் என்பதை அறியாதவர் அவையில் இல்லை. முன்னறிவிப்பு, திரும்பக் கூறல், பாட்டும் பேச்சும் உடலசைவுமாக ஒரே செய்தியைப் பல வழிகளில் தருதல்: கற்றல் தேவைகள் உள்ள குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் சிறப்பாசிரியர்கள் இன்று கைக்கொள்ளும் முறைகளும் ஏறக்குறைய இவையே.

அமிழ்வும் நமக்குப் புதிதன்று. திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது மேலிருந்து எறியும் எலுமிச்சைக்காக மக்கள் கைநீட்டுகிறார்கள். படுகளத்தில், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் பேருருவைச் சுற்றி நின்று பார்க்கிறார்கள். மயிலாப்பூரிலேயே, கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்து மூவர் உலா வருவதற்கு முன்பு, பூம்பாவையைத் திருஞானசம்பந்தர் உயிர்ப்பித்த நிகழ்ச்சி குளக்கரையில் நடத்திக் காட்டப்படுகிறது. அங்கே பார்வையாளருக்கென்று தனி இருக்கை இல்லை, கூட்டமே அரங்கு.

இதையெல்லாம் பொற்காலமாக்கிப் பார்க்க வேண்டியதில்லை. நெரிசலும் வெடியும் மேளமும் செவிப்புலன் கூர்மையான ஒரு குழந்தைக்குத் தாங்க முடியாத வேதனையைத் தரும். ‘விவரம் போதாத’ பிள்ளையைக் கேலிப் பொருளாக்கியதும் அதே ஊர்தான். ஆனால் விலகி நிற்கவும் திரும்பி வரவும் அந்த வெளி இடம் கொடுத்தது. பின்னால் வந்த அரங்குகள் முதலில் எடுத்துக்கொண்டது இந்த உரிமையைத்தான்.

அடக்கத்தின் விலை

பார்வையாளர் பகுதியை இருட்டாக்குவது உலகிலேயே பழைய வழக்கமன்று. ஜெர்மனியின் பைராய்த் நகரில் இசை நாடக மேதை வாக்னர் 1876-ல் திறந்த அரங்கு அதற்கு ஒரு மைல்கல். அதற்கு முன் ஐரோப்பிய அரங்குகளில் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். வந்தவர்கள் மேடையைப் பார்த்த அளவுக்கு ஒருவரையொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருட்டு வந்ததும் மௌனம் வந்தது. மௌனம் நாகரிகத்தின் அடையாளமாயிற்று.

சென்னையில் இந்த மாற்றத்துக்கு ஒரு முகம் உண்டு. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். கூத்தாடிகள் என்று இகழப்பட்ட ஒரு தொழிலில் வழக்கறிஞர்களும் பட்டதாரிகளும் வேடம் கட்டி ஆடியது அக்காலத்தில் பெரிய துணிச்சல். நாடகத்துக்கு மதிப்பைத் தேடித் தந்த அந்தச் சாதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த மதிப்புக்கு ஒரு விலையும் இருந்தது: அவையடக்கம். கட்டணம் கொடுத்து, எண்ணிட்ட நாற்காலியில், குறித்த நேரத்துக்கு வந்து, அசையாமல் பார்க்கத் தெரிந்தவரே ரசிகர் என்ற எண்ணம் மெல்ல வேரூன்றியது. 1929-ல் தோன்றிய ரசிக ரஞ்சனி சபாவும், 1958-ல் தோன்றிய நாரத கான சபாவும், தியாகராய நகரின் வாணி மஹாலும், கிருஷ்ண கான சபாவும் இந்த நகரத்துக்குத் தந்தவை ஏராளம். அவற்றின் நாற்காலிகள் மட்டும் ஒரே வகை உடலையும் ஒரே வகை மனத்தையும் எதிர்பார்த்துப் போடப்பட்டவை.

சபா நாடகம் வளர்ந்த விதமும் இதற்குத் துணை நின்றது. மேடைக்கு மேலே ஒலிவாங்கிகள் தொங்க, பேச்சே நாடகமாயிற்று. 1968-ல் சோ மேடையேற்றிய ‘முகமது பின் துக்ளக்’ முதல் பின்னாளைய நகைச்சுவை நாடகங்கள்வரை சொல்லின் வேகத்திலும் சிலேடையிலும்தான் உயிர் வைத்திருந்தன. ஒரு வாக்கியத்தை உள்வாங்க மற்றவர்களைவிடச் சில நொடிகள் கூடுதலாகத் தேவைப்படும் ஒருவருக்கு, அவை முழுதும் சிரிக்கும்போது தான் மட்டும் முந்தைய சிரிப்பிலேயே நின்றுவிடும் நிலை ஏற்படுகிறது. அந்தத் தனிமையை நாம் எளிதாக எண்ணிவிட முடியாது.

இன்னொரு பக்கம், கண்ணையும் காதையும் நிறைக்கும் பிரம்மாண்டத்தின் மரபு இருந்தது. ‘பக்த ராமதாஸ்’ நாடகத்தில் நவாபாக நடித்துப் பெயரோடு அந்தப் பட்டத்தையும் சேர்த்துக்கொண்ட நவாப் ராஜமாணிக்கம், காட்சி அமைப்பாலும் மின்விளக்கு வித்தைகளாலும் ஊர் ஊராக மக்களைக் கவர்ந்தார். ஆர். எஸ். மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் ‘இலங்கேஸ்வரன்’, ‘சாணக்கிய சபதம்’ முதலிய நாடகங்களில் தந்திரக் காட்சிகளை உச்சத்துக்குக் கொண்டுபோயிற்று. இடி முழங்கும், மின்னல் வெட்டும், கண்ணெதிரே அரண்மனை மாறும். தமிழ் மேடையின் தொடக்ககால அமிழ்வுத் தொழில்நுட்பம் என்று இவற்றைச் சொல்லலாம். எல்லோரையும் ஒரே நொடியில் ஒரே அளவுக்கு மலைக்க வைப்பது அதன் இலக்கு. அந்த இடியோசைக்கு முன்னால் காதைப் பொத்திக்கொண்டு அழுத குழந்தைக்கு அதன் கணக்கில் இடமில்லை.

இன்று புதிய கருவிகளைப் பற்றிப் பேசும்போது இந்த முன்கதையை மறந்துவிடக் கூடாது. அமிழ்த்துவது மட்டுமே குறிக்கோளானால், முன்பு வெளியே நின்றவர்கள் இன்னும் தொலைவுக்குத் தள்ளப்படுவார்கள்.

அடையாற்றில் ஒரு மௌன விளையாட்டு

இதற்கு மாறான ஓர் எண்ணம் இதே நகரத்தின் தென்பகுதிக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்துசேர்ந்திருந்தது. 1939-ல் தியாசபிகல் சொசைட்டியின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தம் மகன் மாரியோவுடன் அடையாற்றுக்கு வந்தார். அவ்வாண்டு நவம்பரில் அவர் தொடங்கிய பயிற்சி வகுப்பில் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். போர் மூண்டு இத்தாலி எதிரி நாடானபோது, 1940-ல் மாரியோ காவலில் வைக்கப்பட்டு, பிறகு தாயின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி விடுவிக்கப்பட்டார். போர்க்காலம் முழுவதையும் மாண்டிசோரி இந்தியாவிலேயே கழித்தார்.

இன்று மாண்டிசோரி என்றவுடன் கட்டணம் மிகுந்த மழலையர் பள்ளிகள் நினைவுக்கு வருகின்றன. அவருடைய முறை பிறந்த இடம் வேறு. மருத்துவரான அவர் 1900-ஆம் ஆண்டு வாக்கில் ரோம் நகரில், கற்பிக்கவே முடியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட, அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளோடு பணியாற்றினார். பிரெஞ்சு மருத்துவர்களான இத்தாரும் செகேனும் காட்டிய வழியில், புலன்களின் வாயிலாக அறிவைத் தொடும் கருவிகளைச் செய்தார். தடவிப் பார்த்து அறியும் மணல்தாள் எழுத்துகள், குலுக்கிப் பார்த்துப் பொருத்தும் ஒலிப்பெட்டிகள், அளவில் மட்டும் வேறுபடும் ஒரே நிறக் கட்டைகள் என்பவை அந்த மரபில் வந்தவை. 1907-ல் அதே வழியை மற்றக் குழந்தைகளுக்கும் விரித்தார். இன்று எல்லாக் குழந்தைகளுக்கும் நல்லதென்று கருதப்படும் ஒன்று, விலக்கப்பட்ட குழந்தைகளிடமிருந்தே கற்றுக்கொள்ளப்பட்டது.

அவருடைய கருவிகளில் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு நேரத்தில் ஒரு புலனுக்கு ஒரே ஒரு வேறுபாடு. நிறம் மாறினால் அளவு மாறாது. அளவு மாறினால் நிறம் மாறாது. எல்லாவற்றையும் ஒருசேரக் கொட்டினால் புலன் திகைத்துப்போகும். ஒன்றை மட்டும் தந்தால் அது அறிவாகும். அமிழ்வுத் தொழில்நுட்பம் செய்வோர் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது.

இன்னொன்று, அவருடைய மௌன விளையாட்டு. குழந்தைகள் தாங்களாகவே, எவ்வளவு நேரம் ஓசையின்றி இருக்க முடிகிறது என்று முயன்று பார்ப்பார்கள். பிறகு ஆசிரியர் அறைக்கு வெளியிலிருந்து ஒவ்வொருவரின் பெயரையும் மெல்லிய குரலில் அழைப்பார். பெயர் கேட்டவர் நாற்காலி நகரும் ஓசைகூட எழாமல் எழுந்து அவரிடம் செல்வார். இங்கே மௌனம் தண்டனையன்று. ஒவ்வொருவரும் தம் பெயர் அழைக்கப்படும் என்ற நம்பிக்கையில் சேர்ந்து உருவாக்குவது. சபாவின் மௌனத்துக்கும் இதற்கும் உள்ள தொலைவைச் சொல்லத் தேவையில்லை.

அதே அடையாற்று வளாகத்தில்தான் 1936-ல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா வளர்ந்துகொண்டிருந்தது. அரங்கக் கலையும் புலன்வழிக் கல்வியும் சில தென்னை மரங்களின் இடைவெளியில் வாழ்ந்தன. கலையை யார் கற்கலாம் என்ற கேள்விக்கு அங்கே பெரிய விடைகள் கிடைத்தன. கலையை யார் பார்க்க வரலாம் என்ற கேள்வி இன்னும் ஒரு தலைமுறைக்கு மேல் காத்திருந்தது.

கோட்டூர்புரத்திலிருந்து வந்த குரல்

1985-ல் பூனம் நடராஜன், மூளை முடக்குவாதம் முதலிய நிலைகளோடு வாழும் குழந்தைகளுக்காகச் சென்னையில் ஒரு மையத்தைத் தொடங்கினார். முதலில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி என்ற பெயரிலும் பின்னர் வித்யாசாகர் என்ற பெயரிலும் அது கோட்டூர்புரத்தில் வளர்ந்தது. 1989-ல் தியாகராய நகரில் மதுரம் நாராயணன் மையம் பிறந்தது. 1990-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன், எழுத்துகளோடு மல்லாடும் பிள்ளைகள் சோம்பேறிகள் அல்லர் என்று பெற்றோருக்கும் பள்ளிகளுக்கும் எடுத்துச் சொல்லத் தொடங்கியது. அம்பிகா காமேஷ்வர் 1989-ல் நிறுவிய ரமண சுந்ருத்ய ஆலயா, சுருக்கமாக ‘ரசா’, நாடகத்தையும் ஆடலையும் இசையையும் இத்தகைய பிள்ளைகளின் வளர்ச்சிக்கான வழியாகவே எடுத்துக்கொண்டது. அவர்களை மேடையேற்றியும் காட்டியது.

இந்த வரிசையில் நம் பொருளுக்கு மிக அருகில் நிற்பது ‘ஆவாஸ்’. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன், வித்யாசாகருடன் இணைந்து, பேச இயலாத குழந்தைகளுக்காக 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய கருவி இது. திரையில் உள்ள படங்களைத் தொட்டால் அவை வாக்கியமாகிக் குரலாக ஒலிக்கும். பின்னர் அது கைக்கணினியிலும் கைபேசியிலும் இயங்கும் செயலியாயிற்று, தமிழிலும் பேசிற்று. கருவியை முதலில் செய்துவிட்டு அதற்குப் பயனாளியைத் தேடவில்லை. வகுப்பறையில் ஒரு குழந்தை எதைச் சொல்லத் தவிக்கிறது என்பதிலிருந்து கருவி பிறந்தது. அதே ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மணிவண்ணனின் ஆய்வுக்கூடம் மெய்நிகர்க் காட்சியிலும் தொடுவுணர் தொழில்நுட்பத்திலும் பல ஆண்டுகளாக ஆராய்ச்சி செய்து வருகிறது. இவையெல்லாம் மயிலாப்பூர் மாட வீதிகளிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுக்குள் இருப்பவை.

திரைப்படத்துக்கு ஒரு முன்னுதாரணமும் சென்னையில் உண்டு. எபிலிட்டி ஃபவுண்டேஷன் 2005-ல் தொடங்கிய உலக மாற்றுத்திறனாளிகள் திரைப்பட விழா, காட்சி விவரிப்பும் எழுத்துரையும் கூடிய படங்களைத் திரையிட்டு, வேறுபட்ட பார்வையாளர்கள் ஒரே அரங்கில் அமர முடியும் என்று காட்டியது.

சட்டமும் தன் நடையில் வந்துசேர்ந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசத்துக்கும் டிஸ்லெக்சியாவுக்கும் இடமில்லை. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைக் கணக்கில் எடுத்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை நிலைகளை ஏற்றது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. அச்சட்டத்தின் 29-ஆம் பிரிவு பண்பாட்டு வாழ்வைப் பற்றியது. கலையை அணுகத்தக்கதாக்குவதும் அதற்கான தொழில்நுட்பத்தை வளர்ப்பதும் அரசின் கடமைகள் என்று அது கூறுகிறது. வேலைவாய்ப்பையும் கல்வியையும் பற்றி நாம் பேசும் அளவுக்கு இந்தப் பிரிவைப் பற்றிப் பேசுவதில்லை. நாடகம் பார்ப்பது உரிமையா, வசதி இருந்தால் அனுபவிக்கும் இன்பமா என்ற தயக்கம் நம் உள்ளத்தில் இன்னும் இருக்கிறது போலும்.

ஒற்றை நாற்காலியும் நீச்சல் குளமும்

1962-ல் மார்ட்டன் ஹைலிக் என்ற அமெரிக்கர் சென்சோரமா என்ற பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். முகத்தை உள்ளே நுழைத்தால் முப்பரிமாணப் படம் ஓடும். காற்று வீசும், மணம் வரும், இருக்கை அதிரும். மெய்நிகர்க் காட்சியின் முன்னோடி என்று அதைக் கொண்டாடுகிறார்கள். அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். 1996-ல் டோரதி ஸ்ட்ரிக்லண்டும் உடன் பணியாற்றியவர்களும் ஆட்டிசம் உள்ள இரண்டு குழந்தைகளுக்குத் தலைக்கவசக் கருவி அணிவித்து, மெய்நிகர்த் தெருவில் சாலையைக் கவனித்து நடக்கப் பழக்கிய ஆய்வை வெளியிட்டார்கள். ஆபத்தில்லாத ஓர் இடத்தில் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்கலாம் என்பதே அதன் பயன்.

இன்னொரு மரபு ஐரோப்பாவில் கருவிகளைவிட மனிதரை முன்னிறுத்தி வளர்ந்தது. 1970-களில் நெதர்லாந்தில், கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் வாழ்ந்த இல்லம் ஒன்றில் பணியாற்றிய ஹுல்செகேயும் ஃபெர்ஹூலும் ஒளியும் நீர்க்குமிழியும் மெல்லிசையும் மென்மையான பரப்புகளும் கொண்ட அறைகளை அமைத்தார்கள். உள்ளே இருப்பவர் தேர்ந்துகொள்வார். யாரும் எதையும் செய்யச் சொல்ல மாட்டார்கள். இங்கிலாந்தில் 1981-ல் தொடங்கிய ஆய்லி கார்ட் நாடகக் குழு, 1980-களின் இறுதியிலிருந்து சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே நாடகங்கள் செய்தது. சிறு எண்ணிக்கையிலான பார்வையாளர். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிப் பாடி வரவேற்பார்கள். தொடவும் முகரவும் பொருள்கள் இருக்கும். சில நாடகங்களை வெந்நீர்க் குளத்திலேயே நடத்தினார்கள். அமிழ்வு என்ற சொல்லுக்கு இதைவிட நேரான பொருள் கிடைக்காது.

2011 அக்டோபரில் நியூயார்க்கில், ஒரு வணிக அரங்கில், ‘லயன் கிங்’ இசை நாடகத்தை ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமாகத் தனியே ஒருமுறை நடத்தினார்கள். கண்ணைப் பறிக்கும் விளக்குகளும் உரத்த ஓசைகளும் தணிக்கப்பட்டன; எழுந்து நடக்கலாம், வெளியே அமைதியான இடம் உண்டு, என்ன நடக்கப் போகிறது என்பதைப் படங்களுடன் முன்கூட்டியே சொன்னார்கள். கதையில் எதுவும் வெட்டப்படவில்லை. அதன்பின் இத்தகைய தளர்ந்த காட்சிகள் பல அரங்குகளில் வழக்கமாயின. அவர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லும் மூன்றும், எழுந்து போகும் உரிமை, முன்னறிவிப்பு, அணையாத விளக்கு, நம் களரியில் இருந்தவையே.

நம் சபாக்களில் என்ன செய்யலாம்

அமிழ்வுத் தொழில்நுட்பம் நமக்குத் தரக்கூடிய மிகச் சிறந்த பயன் நாடகம் தொடங்குவதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது. முந்நூற்றறுபது பாகைப் படக்கருவி ஒன்றால் சபாவின் வாயிலிலிருந்து இருக்கைவரை ஒரு முறை படமெடுத்தால் போதும். படிகள் எத்தனை, எங்கே சீட்டு வாங்குவார்கள், மணி எப்படி ஒலிக்கும், விளக்கு எவ்வளவு மெதுவாக மங்கும், கழிப்பறை எந்தப் பக்கம் என்பதையெல்லாம் குழந்தை வீட்டில் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகிவிடும். நடிகர்கள் ஒப்பனைக்கு முன்னும் பின்னும் தோன்றித் தாம் யார் என்று சொல்லலாம். புதிய இடம் என்ற அச்சமே பாதித் தடை. அதை வீட்டுக் கூடத்திலேயே கடந்துவிடலாம். கூத்தின் திரைப்பாட்டுக்கு இது இன்றைய வடிவம்.

நாடகம் நடக்கும்போது, மடியில் வைத்த மங்கலான கைக்கணினியில் இப்போது பேசுபவர் யார், என்ன நடக்கிறது என்பதைப் படக்குறிகளாலும் குறுவாக்கியங்களாலும் காட்டலாம். ஆவாஸ் போன்ற செயலிகளில் பழகிய குழந்தைக்கு அந்த மொழி தெரிந்ததுதான். பெரிய ஓசை வருவதற்குச் சில நொடிகள் முன்பு மணிக்கட்டுப் பட்டை மெல்ல அதிர்ந்து எச்சரிக்கலாம். வசனம் எட்டாதவருக்கு மிருதங்கத்தின் அதிர்வை ஒரு திண்டின் வழியே உடலில் உணர்த்தலாம். அரங்கை ஒட்டிய சிறிய அறையில் அதே காட்சி நேரடியாகத் திரையில் ஓட, ஒலியின் அளவைத் தாங்களே கூட்டிக் குறைத்துக்கொண்டு, முடிந்தபோது அரங்குக்குத் திரும்பலாம்.

தலைக்கவசக் கருவியைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. கண் ஓர் அசைவைக் கூற, காதின் உட்பகுதியில் உள்ள சமநிலை உறுப்பு அதை மறுக்கும்போது தலைசுற்றலும் குமட்டலும் வருகின்றன. தலையில் எதையும் சகிக்காத பிள்ளைகள் பலர். சிறு குழந்தைகளுக்கு வேண்டாம் என்று அவற்றைச் செய்பவர்களே வயது வரம்பு சொல்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு பெட்டியை மாட்டி அனுப்பினால், ஒற்றை நாற்காலிக்கே திரும்பிப் போகிறோம். வீட்டிலிருந்தே மெய்நிகராக நாடகம் பார்க்கலாமே, ஏன் அரங்குக்கு வர வேண்டும் என்று நாளை ஒரு நிர்வாகி கேட்கக்கூடும். பரிவுபோல ஒலிக்கும் அந்தக் கேள்வி, பழைய விலக்கலின் புதிய குரல். நாடகம் என்பது ஒரே காற்றை மூச்சுவிடும் கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள் வருவதற்குத்தான் கருவி வேண்டும்.

கலை நீர்த்துப் போகாதா என்று ரசிகர் கேட்பது இயல்பு. நகைச்சுவை நாடகத்தில் ஒரு நொடி தவறினாலும் சிரிப்பு தவறிவிடும். கூச்சலுக்கு நடுவே நடிகர் எப்படி நடிப்பார்? இந்தக் கவலையை நாம் ஒதுக்கவில்லை. ஆனால் எல்லாக் காட்சிகளையும் இப்படி நடத்த யாரும் கேட்கவில்லை. பத்தில் ஒன்று போதும். கூத்துக் கலைஞர்கள் குறுக்கே ஓடும் குழந்தையையும் வசனத்துக்குள் சேர்த்துக்கொண்டு விடியும்வரை ஆடியிருக்கிறார்கள். கட்டியங்காரனின் கலையே அதுதான். எதிரே இருப்பவர் எப்படி வேண்டுமானாலும் எதிர்வினை காட்டலாம் என்ற நிலையில் நடிப்பது தேர்ந்த நடிகருக்குச் சவாலேயன்றி இழிவன்று.

கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் பல ஆண்டுகளாக நடத்திவரும் கோடை நாடக விழாவைப் போன்ற ஒரு விழாவில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியை இதற்கென ஒதுக்கலாம். என்ன வேண்டும் என்பதைக் கோட்டூர்புரத்திலும் தியாகராய நகரிலும் இத்தனை ஆண்டுகளாக இப்பணியில் இருப்பவர்களிடமும், அவர்களைவிட முதலாக அந்தப் பார்வையாளர்களிடமும் கேட்க வேண்டும். ஒலியைத் தணிக்கவும் விளக்கைப் பாதி எரியவிடவும் புதிய பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. படக்கருவியும் மென்பொருளும் ஐ.ஐ.டி. மாணவர்களின் ஒரு பருவத் திட்டப்பணியில் அடங்கும். மீதம் இருப்பது, தலையைத் திரும்பிப் பார்க்காமல் நாடகத்தைத் தொடர்ந்து பார்க்கும் பயிற்சி. அதைச் செய்ய வேண்டியவர்கள் இத்தனை நாளும் அமைதியாக அமர்ந்திருந்த நாம்தாம்.